சின்னப் பதக்கம்

1

1999 நவம்பர் 10-ந் தேதி அமெரிக்க ராணுவம் ஒரு கறுப்பினக் குடும்பத்திடம் கொஞ்சம் காகிதங்களை ஒப்படைத்தது. முப்பத்தாறு வருசத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு சார்ஜண்டின் பணிப் பதிவேடு அது. நம்மூர் அரசாங்க ஆபீஸ்களில் 'எஸ்.ஆர்.' என்று சொல்வார்களே, அது மாதிரி. அதில் இருந்த தப்புகளைத் திருத்தி, விட்டுப்போனவற்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடவே மூன்று பதக்கங்கள். ஒன்று, ராணுவ நன்னடத்தைப் பதக்கம். மற்ற இரண்டும் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் இன்ன இன்ன இடத்தில் பணியில் இருந்தார் என்பதற்காக லட்சக்கணக்கான சிப்பாய்களுக்குக் கொடுக்கப்பட்டவை. வீரத்துக்கானது ஒன்றுகூட அதில் இல்லை.

இதில் என்ன விசேசம் என்று கேட்கலாம். அந்தச் சார்ஜண்டின் பெயர் எட்வர்ட் கார்ட்டர். 1997 ஜனவரி 13-ந் தேதியே, அந்த நாட்டு ராணுவம் தரக்கூடிய ஆகப் பெரிய பதக்கமான 'மெடல் ஆப் ஹானர்' அவர் பெயருக்கு வழங்கப்பட்டுவிட்டது. வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கிளிண்டன் கையால் அவருடைய மகன் வாங்கினார். பேப்பரிலும் டி.வி.யிலும் அமர்க்களப்பட்டது. பெரிசு வந்தாச்சு. அப்புறமும் அந்தக் குடும்பம் சின்னதுக்காக ஏன் மனுப் போட்டு அலைய வேண்டும்?

ஆதிக்கம் பண்ணுகிற ஒரு சமூகம் அடிமைப்பட்டவர்களில் ஒருத்தரை எப்போதாவது தூக்கிவைத்துக் கொண்டாடிவிட முடியும். அது அவனுக்குப் பெரிய நட்டமில்லை. ஆனால் எல்லாருக்கும் கொடுக்கிற சாதாரண மரியாதையை, 'இவன் ஒழுங்கானவன், நம்பத்தக்கவன்' என்கிற ஒற்றை வரியை, பதிவேட்டில் எழுதச் சொல்லிப் பாருங்கள். பேனா எழுத மறுக்கும். பள்ளிக்கூடத்தில் காண்டக்ட் சர்டிபிகேட்டுக்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்ற நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. கார்ட்டரின் கதையைச் சொல்ல எடுத்ததே இதற்காகத்தான்.

2

கார்ட்டர் 1916-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். அப்பா கறுப்பினக் கிறிஸ்தவ மிஷனரி. அம்மா கல்கத்தாவைச் சேர்ந்த இந்தியப் பெண். சின்ன வயசில் கொஞ்சகாலம் இந்தியாவில் வளர்ந்தார், பிறகு சீனாவில் ஷாங்காய் நகரத்தில். 1932-ல் ஜப்பான் ஷாங்காயைத் தாக்கியபோது வீட்டை விட்டு ஓடிப்போய்ச் சீனப் படையில் சேர்ந்துகொண்டார். பையனுக்கு வயசு பதினைந்துதான் என்று தெரிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஸ்பெயின். பிராங்கோவின் பாசிசப் படையை எதிர்த்துப் போராட அமெரிக்காவிலிருந்து தொண்டர்களாகப் போன ஆப்ரகாம் லிங்கன் படைப்பிரிவில் சேர்ந்து சண்டையிட்டார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அணியில் நின்ற படை அது. 1941 செப்டம்பரில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தார்.

இத்தனை போர் அனுபவம் உள்ள ஆளுக்கு அந்த ராணுவம் என்ன வேலை கொடுத்தது? சரக்கு லாரிக் கம்பெனியில் கொடுத்தது. இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்க ராணுவத்தில் கறுப்பர்க்குத் தனிப் படைப்பிரிவு, தனிக் கொட்டகை, தனிச் சாப்பாட்டுக் கூடம். பெரும்பாலோருக்கு மூட்டை தூக்குவது, ரோடு போடுவது, லாரி ஓட்டுவது, பிணம் புதைப்பதுதான் வேலை. துப்பாக்கி வெள்ளைக்காரன் கையில், மண்வெட்டி கறுப்பன் கையில். சாதிக்கொரு தொழில் என்று நமக்கு வகுத்தானே, அதே புத்திதான்.

1944 டிசம்பரில் ஆர்தேன் காட்டுப் பக்கம் ஜெர்மன் படை திடீரென்று தாக்கியது. அமெரிக்கக் காலாட்படைக்கு ஆள் பற்றாக்குறை. அப்போதுதான் கறுப்பர்கள் ஞாபகம் வந்தது. சண்டைக்கு விருப்பமுள்ளவர்கள் முன்வரலாம் என்று அழைப்பு விட்டார்கள். ஒரு நிபந்தனை: சார்ஜண்ட், கார்ப்பொரல் எல்லாம் தங்கள் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாதாரணச் சிப்பாயாகத்தான் வர வேண்டும். கறுப்புச் சார்ஜண்ட் வெள்ளைச் சிப்பாய்க்கு உத்தரவு போடுகிற நிலை வந்துவிடக் கூடாதாம். சாகப் போகிற இடத்திலும் தீட்டுப் பார்த்தார்கள். அப்படியும் 4,500-க்கு மேற்பட்ட கறுப்பர்கள் முன்வந்தார்கள். ஸ்டாப் சார்ஜண்டாக இருந்த கார்ட்டரும் பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்.

1945 மார்ச் 23. ஜெர்மனியில் ஷ்பயர் நகரத்துக்குப் பக்கம். கார்ட்டர் ஏறிப் போன டாங்கியை எதிரிகள் சுட்டார்கள். குண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வெட்டவெளியில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் செத்தார்கள், மூன்றாமவருக்குப் பலத்த காயம். கார்ட்டர் தனியாகவே முன்னேறினார். உடம்பில் ஐந்து இடத்தில் காயம். மறைவாகப் படுத்துக் கிடந்தவரைப் பிடிக்க எட்டு ஜெர்மன் சிப்பாய்கள் வந்தார்கள். ஆறு பேரைச் சுட்டுக் கொன்றார். மிச்சம் இரண்டு பேரைக் கைதுசெய்து, அவர்களையே கேடயமாக வைத்துக்கொண்டு அந்த வெட்டவெளியைத் தாண்டித் திரும்பி வந்தார். வருகிற வழியில் எதிரிப்படை எங்கெங்கே இருக்கிறது என்கிற தகவலையும் அவர்களிடமிருந்து கறந்துகொண்டார்.

இதற்கு அன்றைக்குக் கொடுத்தது இரண்டாம் நிலைப் பதக்கமான சிறப்புச் சேவைச் சிலுவை. அதையும் வாங்கிக்கொண்டு ராணுவத்திலேயே இருந்தார். 1948 ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன், ராணுவத்தில் இனப் பாகுபாடு இனி இல்லை என்று ஆணை போட்டார். அதற்கு அடுத்த வருசம், 1949 செப்டம்பரில், பணிக்காலம் முடிந்து மறுபடி சேரப் போன கார்ட்டரைச் சேர்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஏன்? காரணம் சொல்லவில்லை. எழுதிக் கேட்டார். பதில் இல்லை. அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் அவருக்காகத் தலையிட்டது. அப்போதும் காரணம் வரவில்லை. ஐந்து காயம் வாங்கின உடம்போடு டயர்த் தொழிலில் கூலி வேலைக்குப் போனார். நுரையீரல் புற்றுநோய் வந்து 1963 ஜனவரி 30-ந் தேதி செத்துப் போனார். தன்மேல் என்ன குற்றம் எழுதப்பட்டிருந்தது என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது.

3

ராணுவத்தை விட்டு வெளியே வருகிற ஒவ்வொருத்தருக்கும் அங்கே ஒரு விடுவிப்புத் தாள் கொடுப்பார்கள். 1950 முதல் அதற்கு டிடி 214 என்று பெயர். எப்போது சேர்ந்தான், எந்தப் பிரிவில் இருந்தான், என்னென்ன பதக்கம், எப்படிப்பட்ட நடத்தையோடு வெளியே வந்தான், எல்லாம் அந்தத் தாளில். அதற்குப் பிறகு அவன் வாழ்க்கை அந்தத் தாளின் கையில். ஆஸ்பத்திரிக்குப் போனாலும், படிக்க உதவி கேட்டாலும், வேலைக்கு மனுப் போட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். செத்த பிறகு ராணுவ மயானத்தில் ஆறடி இடம் வேண்டுமென்றாலும் அந்தத் தாள்தான்.

காகிதத்தில் ஒன்று விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ஹென்றி ஜான்சனைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஜான்சன் நியூயார்க் மாநிலத்தில் ஆல்பனி ரயில் நிலையத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த போர்ட்டர். 1917 ஜூனில் ராணுவத்தில் சேர்ந்தார். அவருடைய படைப்பிரிவு, 369-வது காலாட்படை, முழுக்கக் கறுப்புச் சிப்பாய்களைக் கொண்டது. வெள்ளை அமெரிக்கப் படைகள் இவர்களோடு சேர்ந்து சண்டையிட விரும்பவில்லை. ஆகவே பிரெஞ்சுப் படையிடம் தள்ளிவிட்டார்கள். பிரெஞ்சுத் துப்பாக்கி, பிரெஞ்சு இரும்புத் தொப்பி. 1918 மே 15 அதிகாலை, ஆர்கான் காட்டோரத்தில் ஜான்சனும் நீடம் ராபர்ட்சும் காவலில் இருந்தபோது குறைந்தது ஒரு டஜன் ஜெர்மானியர் பதுங்கி வந்து தாக்கினார்கள். ராபர்ட்ஸ் அடிபட்டு விழுந்தார். ஜான்சன் கையெறி குண்டு வீசினார், சுட்டார். துப்பாக்கி மக்கர் பண்ணியதும் அதைத் திருப்பிப் பிடித்து அடித்தார். கடைசியில் இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்தார். ராபர்ட்சைக் கைதியாக இழுத்துக்கொண்டு போக விடவில்லை. அவர் உடம்பில் 21 காயங்கள்.

பிரெஞ்சு அரசு தன்னுடைய போர்ச்சிலுவையை அவருக்குக் கொடுத்தது. சொந்த நாடு? போர்ச் செலவுக்கு முத்திரைகள் விற்க அவர் பெயரைப் பயன்படுத்திக்கொண்டது. ஆள் சேர்க்க அவர் படத்தைப் போட்டது. பதக்கம் மட்டும் இல்லை. அவருடைய விடுவிப்புத் தாளில் காயம்பட்டதாகவே ஒரு வரி இல்லை. 21 காயம்! உடம்பில் இருக்கு, தாளில் இல்லை. பழைய போர்ட்டர் வேலையைப் பார்க்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1919 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கூட்டத்தில் வெள்ளைச் சிப்பாய்களின் இனவெறியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். அதற்குப் பிறகு மேடையும் போயிற்று. 1927-ல் காசநோய்க்காக ஊனத்தொகை கிடைத்தது. 1929 ஜூலை 1-ந் தேதி செத்தார்.

அவர் புதைக்கப்பட்ட இடமும் பதிவில் தொலைந்தது. அநாதைப் பிணமாக எங்கோ புதைத்துவிட்டார்கள் என்றே வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் பண்ணியிருக்கிறார்கள். பதிவில் 'வில்லியம் ஹென்றி ஜான்சன்' என்று இருந்ததால் தேடினவர்கள் கண்ணில் படவில்லை. 2000-க்குப் பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

சண்டையில் காயம்பட்டதற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் 1996-ல், செத்து 67 வருசம் கழித்து. சிறப்புச் சேவைச் சிலுவை 2002-ல். மெடல் ஆப் ஹானர் 2015 ஜூன் 2-ந் தேதி, ஒபாமா கையால். வாங்கிக்கொள்ள ரத்த உறவு என்று நிரூபிக்கப்பட்ட ஒருத்தரும் இல்லை. நியூயார்க் தேசியக் காவற்படையின் சார்ஜண்ட் மேஜர் ஒருவர் வாங்கிக்கொண்டார்.

4

'அந்தக் காலத்துல நிர்வாகம் அப்படி, ஏதோ கவனக்குறைவு' என்று சமாதானம் சொல்வார்கள். சரி, பார்ப்போம்.

ஜான்சன் சண்டையிட்ட சில நாட்களிலேயே, 1918 மே மாதத்தில், அமெரிக்கப் படைகளின் தலைமைத் தளபதி பெர்ஷிங் அதைப் பற்றி எழுதிய குறிப்பு பின்னால் ஆவணங்களில் கிடைத்தது. ஆக, உச்சியில் இருந்தவனுக்கே விசயம் தெரியும். அதே 369-வது படைப்பிரிவில் இருந்த ஜார்ஜ் ராப் என்கிற வெள்ளை அதிகாரிக்கு, 1918 செப்டம்பர் கடைசியில் செஷோ கிராமத்துச் சண்டைக்காக மெடல் ஆப் ஹானர் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த மனிதர் வீரரல்ல என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வழி தெரிந்த காகிதத்துக்கு ஜான்சன் விசயத்தில் வழி தெரியாமல் போனதுதான் கேள்வி.

371-வது படைப்பிரிவில் பிரெடி ஸ்டவர்ஸ் என்கிற கார்ப்பொரல். தென் கரோலினாவைச் சேர்ந்த பண்ணைக் கூலி. 1918 செப்டம்பர் 28-ந் தேதி 188-ஆம் குன்றில் சரணடைவது போல நடித்துச் சுட்ட எதிரிகளுக்கு எதிரே, மிஞ்சிய ஆட்களைத் திரட்டி முன்னேறிச் செத்தார். மெடல் ஆப் ஹானருக்குப் பரிந்துரையும் போனது. பரிந்துரை 'எங்கோ தவறிவிட்டது'. 1990-ல் ராணுவம் பழைய கோப்புகளைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. 1991 ஏப்ரல் 24-ந் தேதி, 73 வருசம் கழித்து, அவருடைய இரண்டு கிழட்டுச் சகோதரிகள் வந்து பதக்கத்தை வாங்கினார்கள். முதல் உலகப் போரில் சண்டையிட்ட கறுப்பர் ஒருவருக்குக் கிடைத்த முதல் மெடல் ஆப் ஹானர் அதுதான்.

கவனக்குறைவு ஒரே நிறத்துக்காரர்கள் மேல் மட்டும் வந்து விழுமா?

இதற்கு எழுத்துமூலமான சாட்சியே இருக்கிறது. 1918 ஆகஸ்ட் 7-ந் தேதி, அமெரிக்கப் படையோடு தொடர்புக்கு இருந்த லினார் என்கிற பிரெஞ்சுக் கர்னல் ஒரு ரகசியச் சுற்றறிக்கை விட்டார். கறுப்பு அமெரிக்கச் சிப்பாய்களோடு பிரெஞ்சு அதிகாரிகள் நெருங்கிப் பழகக் கூடாது, சேர்ந்து சாப்பிடக் கூடாது, கைகுலுக்கக் கூடாது. இதில் நமக்கு முக்கியமான ஒன்று உண்டு: வெள்ளை அமெரிக்கர் முன்னால் இவர்களை ரொம்பப் புகழாதீர்கள் என்றும் அதில் இருக்கிறது. பிரான்சுக்குப் போய் ஆவணங்களைச் சேகரித்துவந்த கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ், இந்தச் சுற்றறிக்கையைக் கைப்பற்றி 1919 மே மாத 'கிரைசிஸ்' இதழில் அச்சிட்டு அம்பலப்படுத்தினார்.

புகழாதே என்று உத்தரவு போட்டால் பாராட்டுக் குறிப்பு எழுதப்படாது. குறிப்பு இல்லாவிட்டால் பரிந்துரை இல்லை. பரிந்துரை இல்லாவிட்டால் பதிவேட்டில் இடமில்லை. ஐம்பது வருசம் கழித்து வாரிசு வந்து கேட்டால், 'ஆவணம் எதுவும் காணோமே' என்று நாணயமான முகத்தோடு பதில் சொல்லலாம். அந்தக் கடைசி ஆபீசர்மேல் தப்பே இல்லை பாருங்கள்.

5

இரண்டாம் உலகப் போரில் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கறுப்பர்கள் பணியாற்றினார்கள். அந்தப் போருக்காக நானூறுக்கு மேற்பட்ட மெடல் ஆப் ஹானர் கொடுத்தார்கள். கறுப்பர்க்கு ஒன்றுகூட இல்லை. கறுப்புப் படைவீரர்களும் அவர்களுடைய குடும்பங்களும் வருசக்கணக்கில் கேட்டுக் கேட்டு, 1993-ல் ராணுவம் வட கரோலினாவில் உள்ள ஷா பல்கலைக்கழகத்திடம் இதை ஆராயச் சொன்னது. அது கறுப்பர்களின் உயர்கல்விக்காகத் தோன்றிய பல்கலைக்கழகம்.

ஆராய்ந்தவர்கள் கோப்புகளில் என்ன கண்டார்கள் என்பதைவிட என்ன காணவில்லை என்பதுதான் பெரிய விசயம். கறுப்புச் சிப்பாய் ஒருவருக்கு மெடல் ஆப் ஹானர் கொடுக்கலாம் என்று முறைப்படி நகர்ந்த ஒரு தாள்கூட அகப்படவில்லை. ஆனால் ஆட்கள் சாட்சி சொன்னார்கள். 761-வது டாங்கிப் பிரிவின் ரூபன் ரிவர்ஸ் காலில் எலும்பு தெரியக் காயம்பட்டும் திரும்பிப் போக மறுத்துச் சண்டையிட்டு 1944 நவம்பர் 19-ல் செத்தவர். அவருக்கு மெடல் ஆப் ஹானர் தரவேண்டும் என்று கேட்டவர் அவருடைய கேப்டன் டேவிட் வில்லியம்ஸ். இவர் வெள்ளைக்காரர். அவர் கேட்டதும் காற்றில் போனது. பிறகு பல பத்தாண்டுகள் விடாமல் எழுதிக்கொண்டே இருந்தார். இத்தாலியில் 1944 டிசம்பர் 26-ந் தேதி, எதிரிகள் சூழ்ந்துகொண்டதும் தான் நிற்கிற இடத்தின் மேலேயே பீரங்கியால் சுடச் சொல்லிச் செத்த ஜான் பாக்ஸ் இருக்கிறார். அவருக்கு இரண்டாம் நிலைப் பதக்கமே 1982-ல்தான் கிடைத்தது.

பத்துப் பேரை ஆய்வுக் குழு முன்வைத்தது. ஏழு பேர் தேர்வானார்கள். பதக்கம் கொடுப்பதற்கான காலக்கெடு எப்போதோ முடிந்திருந்ததால் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. 1997 ஜனவரியில் அந்த ஏழு பேரில் உயிரோடு வந்து நின்றவர் வெர்னன் பேக்கர் ஒருத்தர்தான். மற்ற ஆறில் ஒன்று நம்முடைய கார்ட்டர்.

6

விட்டுப்போனதைச் சேர்க்கச் சொல்லிக் கேட்க அமெரிக்காவில் சட்டப்படி ஒரு வழி இருக்கிறது. 1946-ல் வந்த சட்டப்படி ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியம் ஏற்பட்டது. அதில் உட்கார்ந்திருப்பவர்கள் சீருடைக்காரர்கள் இல்லை, சிவில் ஆட்கள். மனுப் போடலாம். தவறு தெரியவந்த மூன்று வருசத்துக்குள் போட வேண்டும். நியாயத்தை முன்னிட்டு வாரியம் அந்தக் கெடுவைத் தளர்த்தலாம். 1996-க்குப் பிறகு, கெடு தாண்டிப்போன வீரப் பதக்கத்தை மறுபரிசீலனை பண்ணச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினர் மூலமாகக் கேட்கவும் வழி உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நிரூபிக்க வேண்டியவன் யார்? மனுப் போட்டவன். ராணுவம் எழுதினது சரி என்பதுதான் தொடக்கப் புள்ளி. தப்பு என்று காட்ட அதே ராணுவத்தின் காகிதத்தைக் கொண்டுவர வேண்டும். திருடன் வீட்டுப் பெட்டிக்குள் சாட்சி, சாவியும் அவனிடம்.

காகிதமாவது இருக்கிறதா? 1973 ஜூலை 12-ந் தேதி செயின்ட் லூயிஸ் பக்கத்தில் தேசியப் பணியாளர் ஆவண மையத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 160 லட்சத்திலிருந்து 180 லட்சம் கோப்புகள் எரிந்து போயின. 1912-லிருந்து 1960 தொடக்கம் வரை ராணுவத்திலிருந்து வெளியேறினவர்களின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது சாம்பல். நகல் கிடையாது. என்னென்ன இருந்தது என்கிற பட்டியலும் கிடையாது. தீ வெள்ளைக் கோப்பு, கறுப்புக் கோப்பு என்று பார்க்கவில்லை. ஆனால் வெள்ளைச் சிப்பாயின் வீரம் பதக்க ஆணையில், படைப்பிரிவு வரலாற்றில், ஊர்ச் சிலையில் என்று நாலு இடத்தில் எழுதப்பட்டிருந்தது. கறுப்புச் சிப்பாய்க்கு இருந்தது அந்த ஒரே கோப்பு.

வேவர்லி உட்சன் அப்படி அகப்பட்டுக்கொண்டவர். 1944 ஜூன் 6-ந் தேதி நார்மண்டியில் ஒமாஹா கடற்கரையில் இறங்கிய 320-வது பலூன் பிரிவின் மருத்துவ உதவியாளர். இறங்குவதற்கு முன்பே குண்டுச் சிதறல் பட்டது. அப்படியே 30 மணிநேரம் நின்று சுமார் 200 பேருக்கு மருத்துவம் பார்த்தார். அவரிடம் காயத்தைக் காட்டினவன் நிறம் பார்க்கவில்லை. அவருக்குக் கிடைத்தது வெண்கல நட்சத்திரம். அவர் கோப்பு 1973 தீயில் போயிற்று. அவருக்கு ஜனாதிபதியே நேரில் கொடுக்கிற அளவு பெரிய பதக்கம் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தக் காலத்தில் வெள்ளை மாளிகை உதவியாளர் ஒருவருக்குப் போன குறிப்பு, வேறொரு ஆவணக் காப்பகத்தில் பின்னால் கிடைத்தது. பரிந்துரைத் தாள் கிடைக்கவில்லை. உட்சன் 2005-ல் செத்தார். அவர் மனைவி தொடர்ந்து கேட்டார். 2024-ல் சிறப்புச் சேவைச் சிலுவை வந்தது.

கோப்பு எரிந்தால் வேறு இடங்களில் தேடுகிறார்கள். சம்பளப் பட்டியல், படைப்பிரிவின் தினசரி வருகைக் குறிப்பு, ஆஸ்பத்திரிச் சீட்டு, ஓய்வூதிய மனு, உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தி, கூடச் சண்டையிட்டவரின் கடிதம். கறுப்பர்களே நடத்திய பத்திரிகைகள் இங்கே பெரிய சாட்சி. அரசாங்கம் எழுத மறுத்ததை அவர்கள் அன்றைக்கே அச்சில் போட்டு வைத்திருந்தார்கள்.

7

கார்ட்டர் குடும்பத்தில் இந்தத் தேடலை எடுத்துச் செய்தவர் அவருடைய மருமகள் ஆலீன் கார்ட்டர். வரலாற்றுப் பட்டம் வாங்கின ஆய்வாளர் கிடையாது. 1996-ல் வெள்ளை மாளிகையிலிருந்து தகவல் வந்த பிறகுதான் மாமனார் யார் என்பதே குடும்பத்துக்கு விரிவாகத் தெரியவந்தது. வீட்டுப் பெட்டியில் கிடந்த பழைய கடிதங்களை எடுத்தார். ஊர் ஊராக எழுதினார். தகவல் பெறும் சட்டத்தைக் கொண்டு ராணுவ உளவுப் பிரிவின் கோப்பைக் கேட்டு வாங்கினார்.

கோப்பைப் பிரித்தால் கதை வெளியே வருகிறது. ஷ்பயரில் ரத்தம் சிந்துவதற்கு ரொம்ப முன்னாலேயே ராணுவம் இவரை வேவு பார்க்கத் தொடங்கியிருந்தது. குற்றம் என்ன? ஸ்பெயினில் பாசிசத்தை எதிர்த்துச் சண்டையிட்டது, கீழை நாடுகளில் வளர்ந்தது. இவன் கம்யூனிஸ்டாக இருக்கலாம் என்று சந்தேகம். அவர் தேசத்துக்கு விரோதமாக ஏதாவது செய்தார் என்பதற்கு அந்தக் கோப்பில் ஆதாரம் இல்லை. நாசிகளை எதிர்த்து அமெரிக்கா போருக்குப் போவதற்கு முன்னாலேயே பாசிசத்தை எதிர்த்துப் போனது தப்பாம்! அந்தச் சந்தேகம்தான் 1949-ல் அவரை வாசலில் நிறுத்தித் துரத்தியது.

இப்போது நன்னடத்தைப் பதக்கத்துக்கு வருவோம். 1941-ல் ஏற்படுத்தின பதக்கம் அது. குறிப்பிட்ட காலம் ஒழுங்காக, நாணயமாக வேலை பார்த்த எந்தச் சாதாரணச் சிப்பாய்க்கும் கிடைக்கும். சமையல்காரனுக்கும் கிடைக்கும், குமாஸ்தாவுக்கும் கிடைக்கும். அதற்கு எதிரியைக் கொல்ல வேண்டியதில்லை. மேலதிகாரி 'இவன் சரியான ஆள்' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். கார்ட்டருக்கு அது இல்லை. ஆறு பேரைக் கொன்று இரண்டு பேரைப் பிடித்துவந்ததற்குச் சிலுவை கொடுத்த ராணுவம், நல்ல நடத்தை உள்ளவன் என்று எழுதவில்லை.

1997 ஜனவரியில் மெடல் ஆப் ஹானர் கொடுத்தபோதும் அந்தச் சந்தேகக் கோப்பு அப்படியே இருந்தது. மேடையில் மாலை, உள்ளே கறுப்புப் புள்ளி. வீரன் என்று சொல்லிவிட்டோமே, அப்புறம் என்ன என்று சும்மா இருந்திருக்கலாம். ஆலீன் கார்ட்டர் இருக்கவில்லை. இந்த மனிதரை ஏன் துரத்தினீர்கள், அதற்குப் பதில் சொல்லுங்கள் என்றார். 1999-ல் திருத்தம் வந்தது. தேசவிசுவாசத்தின் மேல் போட்ட சந்தேகம் நீக்கப்பட்டது. கிளிண்டன் வருத்தம் தெரிவித்து எழுதினார். ராணுவம் மன்னிப்புக் கேட்டது. தொடக்கத்தில் சொன்ன மூன்று சில்லறைப் பதக்கங்கள் பதிவேட்டில் ஏறின. என் கணக்கில், 1997-ஐவிடக் கனமான நாள் அதுதான். முதலாவதில் அரசு தன்னுடைய தாராளத்தைக் காட்டியது. இரண்டாவதில் தன்னுடைய பொய்யை ஒத்துக்கொண்டது.

8

இந்த விவகாரம் நம் கதையோடு நேராகவே தொடுகிற இடமும் உண்டு. கறுப்புச் சிப்பாய்களின் ஆவணங்களைச் சேகரித்த அதே டூ பாய்சுக்கு, 1946 ஜூலையில் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுக்கிற மனுவின் பிரதி வேண்டும் என்று கேட்டார். தீண்டத்தகாதாரும் அந்த வழியில் போக யோசிப்பதாகச் சொன்னார். டூ பாய்ஸ் அந்த மாதமே பதில் போட்டார். ஒருத்தர் ஆவணம் இன்னொருத்தர் கைக்குப் போவது சின்ன விசயம் அல்ல என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

அம்பேத்கருக்கு ராணுவப் பதிவேட்டின் அருமை வீட்டிலேயே தெரியும். அப்பா ராம்ஜி சக்பால் ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் 'போர்க்குணமுள்ள சாதிகள்' என்று ஒரு கதையைக் கட்டி மகார்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளைக்காரன் நிறுத்தினான். சிவராம் ஜன்பா காம்ப்ளே 1910-ல் அதை எதிர்த்து மனுப் போட்டார். அம்பேத்கர் 1927 ஜனவரி 1-ந் தேதி கோரேகான் தூணுக்குப் போனார். 1818-ல் அங்கே செத்த சிப்பாய்களின் பெயர்கள் அந்தத் தூணில் இருக்கின்றன. 'நாக்' என்று முடிகிற 22 மகார் பெயர்கள் அவற்றில் உண்டு. கல்லில் இருந்ததால் அந்தப் பெயர்களை யாரும் கோப்பிலிருந்து உருவிப் போட முடியவில்லை.

பட்டாளத்துக்குப் போய் யாருக்காகவோ சண்டையிட்டதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். கறுப்புச் சிப்பாய் செத்தது அவனை அடிமையாக வைத்திருந்த அரசுக்காக. இந்தப் பதக்கங்கள் அந்த அரசைப் புனிதமாக்கிவிடாது. ஆனால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கும், யார் பெயர் இருக்காது என்று முடிவுசெய்கிற அதிகாரம் எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் நாளைக்கு யார் கோழை, யார் துரோகி என்று எழுதப் போகிறான். அதை அவனிடமே விட்டுவிட முடியாது.

திருத்தினது திருத்தினபடியே இருக்கும் என்றும் நம்பக் கூடாது. லூசியானா மாநிலத்தில் ஒரு பெரிய ராணுவ முகாமுக்கு, அடிமைமுறையைக் காக்கச் சண்டையிட்ட தென்மாநிலத் தளபதி லியோனிடாஸ் போல்க்கின் பெயர் இருந்தது. அவர் நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்திருந்தவர். 2023 ஜூனில் அந்தப் பெயரை எடுத்துவிட்டு, ஆல்பனி போர்ட்டர் ஹென்றி ஜான்சன் பெயரை வைத்தார்கள். இரண்டே வருசம். 2025-ல் ஜான்சன் பெயரை எடுத்துவிட்டு மறுபடி போல்க் என்று ஆக்கினார்கள். இது அந்தப் போல்க் இல்லை, அதே பெயருள்ள வேறொரு ஜெனரல் என்று விளக்கம் வேறு. பலகையைப் பார்க்கிறவனுக்கு எந்தப் போல்க் ஞாபகம் வரும் என்பது வைத்தவனுக்கும் தெரியும்.

ஆலீன் கார்ட்டர் தொடங்கினது வீட்டுப் பெட்டியிலிருந்து. ராபர்ட் ஆலன் என்கிற கறுப்பின வரலாற்றாசிரியரோடு சேர்ந்து 2003-ல் அதைப் புத்தகமாகவும் ஆக்கிவிட்டார். இனி ஏதோ ஒரு ஆபீசில் ஏதோ ஒரு கோப்பு எரிந்தாலும் கார்ட்டர் எரிய மாட்டார். நம் வீடுகளிலும் தகரப் பெட்டிகள் இருக்கின்றன. தாத்தாவின் டிஸ்சார்ஜ் தாள், பென்சன் புத்தகம், மணியார்டர் ரசீது, படையில் எடுத்த ஒரு மங்கின போட்டோ இவற்றையெல்லாம் 'குப்பை' என்று பொங்கலுக்கு முந்தின நாள் கொளுத்தாதீர்கள். எடுத்துப் பிரதி போடுங்கள். கிழவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்து, எந்த வருசம், எந்த ஊர், கூட யார் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். எழுதினதில் தேதி போடுங்கள்.